சீன வீட்டுமுறை உருளைக்கிழங்குப் பன்றிக்கறி: முதன்முறை சமைப்பவர்களுக்கு

தோலும் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக அமைந்த பன்றி வயிற்றுக்கறியைச் சோயா சாஸ், கற்கண்டு, அரிசி மது ஆகியவற்றோடு மெல்லிய தீயில் வேகவைத்து, கடைசி அரை மணி நேரத்தில் உருளைக்கிழங்கைச் சேர்த்து, சாறு பளபளவென்று துண்டுகளில் ஒட்டும்வரை சுண்டவைத்து இறக்குவது சீன வீடுகளில் அன்றாடம் நடக்கும் சமையல். தூதோவ் ஷாவ் ரோவ் என்று இதை அங்கே அழைக்கிறார்கள். பெரிய உணவகங்களைக் காட்டிலும் வீட்டு மேசைகளிலும், பல்கலைக்கழக, தொழிற்சாலை உணவுக்கூடங்களிலும்தான் இதை அதிகம் காணலாம். ஒரு கிண்ணம் வெறுஞ்சோறும் இந்தச் சாறும் இருந்தால் வேறு எதுவும் தேவைப்படாது என்பதே இதன் புகழுக்குக் காரணம்.

இதில் கிடைப்பதற்கரிய பொருள் என்று பெரிதாக எதுவும் இல்லை, கைவேகமும் வேண்டியதில்லை. புதிதாகச் சமைப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். பன்றி வயிற்றுக்கறி மெத்தென்று ஆக ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். உருளைக்கிழங்குக்கு 20 நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கிழங்கு கரைந்து கூழாகும்போது கறி இன்னும் ரப்பராகவே இருக்கும். கிழங்கைக் காப்பாற்ற முன்கூட்டியே இறக்கினால் கறி கடிபடாது. ஆகவே கடிகாரத்தை மட்டும் நம்பாமல், கறி எந்தப் பதத்துக்கு வந்தபின் கிழங்கு உள்ளே போக வேண்டும் என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்துகொள்வதே இந்தச் சமையலின் அடிப்படை. மற்றவை எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வரும் ஆயத்தங்கள்.

நான்கு பேருக்கான அளவுகள்

தோலோடு கூடிய பன்றி வயிற்றுக்கறி 600 கிராம், உருளைக்கிழங்கு 500 கிராம், கற்கண்டு 25 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வட்டமாக நறுக்கிய இஞ்சி 6 அல்லது 7 துண்டுகள், வெங்காயத்தாள் 3, அன்னாசிப்பூ 2, விரல் நீளத்தில் ஒரு பட்டை, பிரிஞ்சி இலை 1, காய்ந்த மிளகாய் 2, ஷாவ்ஷிங் மது 4 மேசைக்கரண்டி, லைட் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, டார்க் சோயா சாஸ் 2 தேக்கரண்டி, கொதிக்கும் நீர் ஏறக்குறைய 800 மில்லி. உப்பு கடைசியில், தேவைப்பட்டால் மட்டும்.

லைட், டார்க் ஆகிய இரண்டு சோயா சாஸ்களும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றல்ல. லைட் சோயா உப்பையும் சுவையையும் தருகிறது. டார்க் சோயா முக்கியமாக நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும் பயன்படுகிறது. 2 மேசைக்கரண்டி லைட் சோயாவில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு அடங்கியிருக்கும் என்பதை நினைவில் வைத்தால், தொடக்கத்திலேயே உப்புப் போடக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது புரியும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சோயா சாஸ்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில மிகவும் உப்பாகவும் புளிப்பாகவும் இருக்கின்றன. புட்டியைத் திறந்ததும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

ஷாவ்ஷிங் மது, சீனாவின் கிழக்குக் கரையோர ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள ஷாவ்ஷிங் நகரின் பெயரால் வழங்கும் பழுப்பு நிற அரிசி மது. பன்றிக்கறியின் கவிச்சியைக் குறைப்பதற்காகவும், மணத்துக்காகவும் இதைச் சேர்க்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இது ஆசியக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். சமையலுக்கென்று விற்கப்படும் புட்டிகளில் உப்புக் கலந்திருப்பதுண்டு. அப்படியானால் லைட் சோயாவை அரை மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் இனிப்பில்லாத ஷெர்ரியைப் பயன்படுத்தலாம். மதுவே வேண்டாம் என்பவர்கள் இஞ்சியை இரட்டிப்பாக்கிவிட்டு மதுவை விட்டுவிடலாம்; அதற்குப் பதிலாக வினிகர் ஊற்றுவது தவறு, ஏனென்றால் புளிப்பு இந்த உணவின் சுவையையே மாற்றிவிடும் என்பதோடு, உருளைக்கிழங்கு வேகும் நேரத்தையும் நீட்டித்துவிடும்.

கற்கண்டு நமக்குப் பழக்கமான பொருள்தான். சீனச் சமையலறைகளில் சர்க்கரையைவிட இதை விரும்பக் காரணம், இது தரும் இனிப்பு மென்மையானது என்பதும், சாறு பளபளப்பாக வரும் என்பதும். இல்லையென்றால் சாதாரணச் சர்க்கரை போதும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம். அவற்றின் தனி மணம் சோயாவின் மணத்தை அமுக்கிவிடும்.

மசாலாப் பொருள்களில் ஒரு சிறு எச்சரிக்கை. சீனர்கள் பயன்படுத்துவது தடித்த, கரடுமுரடான பட்டை. தமிழ்நாட்டுக் கடைகளில் பட்டை என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பதும் இந்த வகைதான். இலங்கையின் மெல்லிய கறுவாப்பட்டை வேறு. அதன் மணம் இனிமையானது என்றாலும் இந்தக் குழம்புக்கு அது மென்மையாகிவிடுகிறது. அதேபோல் சீனர்கள் போடும் இலை மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த லாரல் மரத்தின் இலை. நம் பிரிஞ்சி இலை இன்னொரு மரத்தினது, பட்டை மணம் கொண்டது. ஒன்றுக்கு மேல் போட்டால் பிரியாணி வாசனை வந்துவிடும் என்பதால்தான் மேலே ஒன்றோடு நிறுத்தியிருக்கிறேன்.

மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், கறிவேப்பிலை, வதக்கிய வெங்காயம், தக்காளி ஆகிய எதுவும் இதில் இல்லை. கைப்பழக்கத்தில் அவற்றை எடுக்கத் தோன்றும். முதல் முறையாவது தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். சோயாவும் கருகாத சர்க்கரைப் பாகும் கொழுப்பும் சேர்ந்து தரும் சுவை மிக நுட்பமானது. மசாலாத்தூள் ஒரு சிட்டிகை சேர்ந்தாலும் அது பின்னுக்குப் போய்விடும்.

கறியைத் தேர்ந்தெடுத்தல்

கடைக்காரரிடம் வயிற்றுப் பகுதியைத் தோலோடு, ஒரே பாளமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மேலே தோல், அதன்கீழ் கொழுப்பு, பிறகு சதை, மீண்டும் கொழுப்பு, மீண்டும் சதை என்று வரிவரியாகத் தெரிய வேண்டும். கொழுப்பு ஒரே தடித்த பட்டையாகவும் சதை மெல்லிய கோடாகவும் இருக்கும் துண்டை வாங்க வேண்டாம். சமைத்து முடித்ததும் சாறு முழுக்க நெய்யாக மிதக்கும். நம் ஊர்க் கடைகளில் வறுவலுக்கென்று எலும்போடு பொடித் துண்டுகளாக வெட்டிக் கொடுப்பதே வழக்கம்; கத்தியை எடுப்பதற்கு முன்பே பாளமாக வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது.

தோலை நீக்கச் சொல்லாதீர்கள். தோலிலும், சதையைப் பிணைக்கும் சவ்விலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் நீண்ட நேர வெப்பத்தில் இளகி ஜெலட்டினாக மாறுகிறது. சோள மாவு கரைத்து ஊற்றாமலே சாறு உதட்டில் ஒட்டும் பதத்துக்கு வருவதற்கு அதுதான் காரணம். தோலோடு கிடைக்கவே இல்லையென்றால் கொழுப்புக் கலந்த தோள்பகுதியை வாங்கலாம். கொழுப்பற்ற தொடைக்கறியும் முதுகுக்கறியும் எவ்வளவு நேரம் வெந்தாலும் உலர்ந்துபோய் நாராகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தோலில் முடி மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால், நன்றாகச் சூடேறிய இரும்பு வாணலியில் தோல்பக்கத்தை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்துக் கருக்கி, வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட வேண்டும். முடியோடு தோலின் ஒருவித நாற்றமும் இதனால் போய்விடும். பிறகு 3 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டிலும் தோலும் கொழுப்பும் சதையும் இருக்குமாறு வெட்டுங்கள். வெட்டியவுடன் துண்டுகள் பெரிதாகத் தோன்றும். வெந்ததும் நன்றாகச் சுருங்கிவிடும் என்பதால் அதற்காகச் சிறிதாக்க வேண்டாம். குளிரூட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் வெட்டுவது எளிது.

முதல் கொதி

வெட்டிய துண்டுகளை ஒரு பாத்திரத்தில் போட்டு, முழுவதும் மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, இரண்டு துண்டு இஞ்சியும் ஒரு வெங்காயத்தாளும் ஒரு மேசைக்கரண்டி மதுவும் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீர் பச்சையாகவே இருக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் கறியின் வெளிப்புறம் சட்டென்று இறுகி, உள்ளே இருக்கும் இரத்தம் வெளியேறாது; மெல்லச் சூடேறும் நீரில்தான் அது முழுவதும் கசிந்து, சாம்பல் நிற நுரையாக மேலே திரளும். கொதி வந்தபின் 3 நிமிடம் விட்டு, நுரையைக் கரண்டியால் வழித்தெடுத்து, துண்டுகளை வெந்நீரில் அலசி வடித்துவிடுங்கள். அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

நம் வீடுகளில் கறியை மஞ்சள் போட்டுக் கழுவி நேராகச் சட்டியில் சேர்ப்பது பழக்கம் என்பதால், இந்தப் படி வீண்வேலையாகத் தோன்றலாம். அப்படியல்ல. மஞ்சளும் மல்லியும் மிளகும் இல்லாத ஒரு குழம்பில் கவிச்சியை மறைக்க வேறு வழியே இல்லை. சாறு தெளிவாக வருவதும் இதனால்தான். வடித்தபின் துண்டுகளை ஒரு துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள், அடுத்த படியில் எண்ணெய் தெறிக்காமல் இருக்க இது மிக அவசியம்.

கிழங்கின் ஆயத்தம்

உலகிலேயே அதிகமாக உருளைக்கிழங்கு விளைவிக்கும் நாடு சீனா. ஆனாலும் அங்கே இது பெரும்பாலும் காய்கறியாகவே கருதப்படுகிறது. அரிசி, கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றின் வரிசையில் இதையும் நான்காவது முதன்மை உணவாக்க வேண்டும் என்று 2015-ல் அந்நாட்டு வேளாண் அமைச்சகம் ஒரு திட்டத்தையே அறிவித்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் கூட்டு என்பது நமக்கும் பழகிய வழக்கம் ஆதலால், இந்த உணவு நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது.

தோல் தடித்து உலர்ந்த, முற்றிய கிழங்கே இதற்கு ஏற்றது. வெந்ததும் ஓரம் மாவாக உதிர்ந்து சாற்றோடு கலக்க வேண்டும், நடுப்பகுதி முழுதாக நிற்க வேண்டும். விரலால் தேய்த்தாலே தோல் உரியும் புதுக்கிழங்கு உடையாமல் நிற்கும் என்றாலும், சாற்றை அவ்வளவாக உள்வாங்காது. பச்சை நிறம் படிந்ததையும் முளைவிட்டதையும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் கூடியிருக்கும்.

தோல் சீவிய கிழங்கைப் பலகையில் கிடத்தி, சாய்வாக ஒரு வெட்டு, பிறகு கிழங்கைக் கால்சுற்று உருட்டி மீண்டும் சாய்வாக ஒரு வெட்டு என்று வெட்டிக்கொண்டே போவது சீனச் சமையலறைகளின் முறை. ஒவ்வொரு துண்டும் கோணல்மாணலாக, பல முகங்களோடு வரும். சாறு ஏறுவதற்குப் பரப்பு அதிகம். கறித்துண்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். வெட்டியதைத் தண்ணீரில் போட்டு இருமுறை அலசி, மேலே ஒட்டியுள்ள மாவைப் போக்கி, நீரிலேயே விட்டுவையுங்கள்.

அதன்பின் ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது. பல வீடுகளில் கிழங்கை ஈரம் துடைத்துச் சிறிது எண்ணெயில் ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வறுத்து வைத்துக்கொள்கிறார்கள். மேற்புறம் இறுகிவிடுவதால் பின்னர் உடையாது. முதன்முறை செய்பவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். பத்து நிமிடக் கூடுதல் வேலை, ஆனால் கிழங்கு கரைந்துவிடுமோ என்ற கவலை இருக்காது. கைபழகியபின் வறுக்காமலே போடலாம். சாறு இன்னும் கெட்டியாக வரும்.

சர்க்கரையின் நிறம்

இந்தச் சமையலில் பரபரப்பான ஒரே கட்டம் இது. இதற்குமுன் கறி, இஞ்சி, அன்னாசிப்பூ, பட்டை, மது, சோயா, வெந்நீர் எல்லாம் அடுப்பருகே தயாராக இருக்க வேண்டும். பாகு பதத்துக்கு வந்தபின் எதையும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடிகனமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, பொடித்த கற்கண்டைச் சேர்த்து, தீயை மிகக் குறைவாக வைத்துக் கிளறுங்கள். முதலில் கற்கண்டு எண்ணெயோடு சேராமல் வெள்ளையாக, ஈர மணல்போல் திரளும். பிறகு இளகி, நிறமற்ற பாகாகும். அடுத்து வெளிர்மஞ்சள், அதன்பின் தேன் நிறம். இந்தக் கட்டத்தில் பெரிய பெரிய குமிழிகள் எழும். இன்னும் சில நொடிகளில் அவை சிறுத்து, அடர்த்தியான நுரையாகப் பரவும். பாகின் நிறம் செம்பழுப்பாகும். கறியைச் சேர்க்க வேண்டிய நேரம் அதுவே. குமிழிகள் அடங்கி, மெல்லிய புகை எழுந்து, நிறம் காப்பித்தூளின் கருமைக்குப் போனால் கசந்துவிடும். அதைத் திருத்த வழியில்லை. வாணலியைக் கழுவிவிட்டு 25 கிராம் கற்கண்டோடு மறுபடி தொடங்குவதே சிக்கனம், ஏனென்றால் கசந்த பாகில் கறியைச் சேர்த்தால் கறியும் வீணாகும்.

கருப்பான நான்ஸ்டிக் வாணலியில் நிறம் தெரியாது. அப்படியானால் வெள்ளிக் கரண்டியிலோ வெள்ளைப் பீங்கான் தட்டிலோ ஒரு துளி எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் தேன் நிறத்திலேயே கறியைச் சேர்த்துவிடலாம். நிறம் சற்று வெளிறும், அதை டார்க் சோயா ஈடுசெய்யும். அதிகமாக்குவதைவிடக் குறைவாக நிறுத்துவது எப்போதும் பாதுகாப்பு.

கறித்துண்டுகளைப் போட்டதும் தீயை நடுத்தரமாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பாகு படியுமாறு 2 அல்லது 3 நிமிடம் புரட்டுங்கள். ஓரங்கள் லேசாகச் சிவந்து, கொழுப்பு கசியத் தொடங்கும்போது மீதமுள்ள இஞ்சி, முடிச்சிட்ட வெங்காயத்தாள், அன்னாசிப்பூ, பட்டை, இலை, மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்து மணம் எழும்வரை கிளறுங்கள். இப்போது மீதி மதுவை வாணலியின் ஓரத்தைச் சுற்றி ஊற்ற வேண்டும். சூடான ஓரத்தில் பட்டு அது சுறீரென்று ஆவியாகும்போது எழும் வாசனையே வேறு. அடுத்து லைட் சோயா, டார்க் சோயா. ஒரு நிமிடம் புரட்டினால் துண்டுகள் அழகிய செம்பழுப்பு நிறம் பெற்றிருக்கும்.

மெல்லிய தீ

கொதிக்கும் நீரை, துண்டுகளுக்கு மேலே இரண்டு விரற்கடை நிற்கும்வரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கறி இறுகிவிடும் என்று சீனச் சமையற்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். எப்படியாயினும், சூடேறிய சட்டியைக் குளிர்வித்து மறுபடி கொதிக்கவைக்கும் நேரம் மிச்சமாகிறது. அளவைத் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்; நடுவில் நீர் ஊற்றும் தேவை வராமல் இருப்பதே நல்லது. வந்துவிட்டால் அதுவும் வெந்நீராக இருக்கட்டும்.

ஒரு கொதி வந்ததும் தீயை முழுவதும் குறைத்து, மூடிவைத்து 45 நிமிடம் விடுங்கள். மூடியைத் திறந்தால் நீரின் மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வெடிக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கக் கூடாது. கடுந்தீயில் சதை இறுகி உலர்ந்துவிடும், கொழுப்பு சாற்றோடு குழம்பிக் கலங்கிவிடும். சோங் அரசமரபுக் காலத்தில் பதவி பறிக்கப்பட்டு 1080-ல் ஹுவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்ட கவிஞர் சூ ஷி, அங்கே மலிவாகக் கிடைத்த பன்றிக்கறியைச் சமைப்பதற்குச் சொன்ன வழியும் இதேதான்: விறகு கொழுந்துவிடாமல் கனியட்டும், கறியை அவசரப்படுத்த வேண்டாம். ஹாங்ஜோ நகரின் புகழ்பெற்ற தொங்போ பன்றிக்கறி, சூ தொங்போ என்ற அவருடைய புனைபெயரைத் தாங்கியே வழங்குகிறது. தென் அமெரிக்கக் கிழங்கான உருளை அப்போது சீனாவுக்கு வந்திருக்கவில்லை. கறியின் முறை பழையது, கிழங்கு மிகப் பின்னால் வந்து சேர்ந்தது.

45 நிமிடம் ஆனதும் ஒரு துண்டை எடுத்து, சாப்ஸ்டிக்கின் மழுங்கிய முனையையோ முட்கரண்டியையோ தோல்பக்கத்திலிருந்து குத்திப் பாருங்கள். சதையில் குத்திப் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் சதை முன்பே வெந்திருக்கும். கடைசியில் வேகும் பகுதி தோல்தான். முனை சிறு எதிர்ப்போடு உள்ளே இறங்கினால் கிழங்கைச் சேர்க்கலாம். தோல் வழுக்கி முனையைத் தள்ளினால் இன்னும் 15 நிமிடம் விட வேண்டும். வயதான பன்றியின் கறிக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். கறி தயாராகும்வரை கிழங்கு தண்ணீரிலேயே காத்திருக்கட்டும். இந்த ஒரு பொறுமையை விட்டுக்கொடுத்தால் முன்பு செய்த எதற்கும் பயனில்லை.

கிழங்கு சேர்த்தபின்

அன்னாசிப்பூ, பட்டை, வெங்காயத்தாள் ஆகியவற்றை இப்போது எடுத்துவிடலாம். இனிமேலும் கிடந்தால் மணம் தூக்கலாகிவிடும். கிழங்கைப் பரப்பிச் சேர்த்து, சாற்றில் அழுத்திவிடுங்கள். சாறு கிழங்கின் முக்கால் உயரம் வரை இருந்தால் போதும், மூழ்க வேண்டியதில்லை. மூடிவைத்து, முன்பைவிடச் சற்றுக் கூடுதலான தீயில் 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். இந்த நேரத்தில் கரண்டியை உள்ளே விட்டுக் கிளறினால் துண்டுகள் நொறுங்கும். வாணலியின் இரு காதுகளையும் பிடித்து ஆட்டிவிடுவதும், கரண்டியின் முதுகால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தள்ளுவதும் போதும்.

கத்தி முனை தடையின்றி இறங்கினால் கிழங்கு வெந்துவிட்டது. மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டுங்கள். 3 முதல் 5 நிமிடத்துக்குள் சாறு கண்முன்னே மாறும்: தண்ணீர்போல் ஓடிக்கொண்டிருந்தது மெல்லக் கனத்து, குமிழிகள் பெரிதாகி, துண்டுகளின்மேல் மெருகுபோல் படியும். கரண்டியால் எடுத்து ஊற்றினால் சொட்டாக விழாமல் மெல்லிய தாரையாக ஒழுக வேண்டும். அதற்குமுன் ருசி பாருங்கள். சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறும் என்பதால், பாதி சுண்டிய பிறகே உப்புத் தேவையா என்று முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் அரைத் தேக்கரண்டிக்குமேல் தேவைப்படாது.

முழுவதும் வற்றவிடாதீர்கள். கிழங்கு தட்டுக்கு வந்தபிறகும் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சோற்றில் ஊற்றிப் பிசைய நான்கைந்து கரண்டி சாறு மிச்சம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் தூவினால் போதும்.

சாறு உப்பாகிவிட்டால் சிறிது வெந்நீர் ஊற்றி, மேலும் சுண்டவைக்காமல் இறக்குங்கள். நிறம் வெளிறியிருந்தால் கால் தேக்கரண்டி டார்க் சோயா சேர்க்கலாம். மேலே எண்ணெய் மிதந்தால், சுண்டவைப்பதற்கு முன்பே கரண்டியால் வழித்தெடுத்துவிட வேண்டும். அதை வீணாக்காமல் கீரை வதக்கப் பயன்படுத்தலாம்.

பிரஷர் குக்கர்

சீன வீடுகளிலும் இன்று குக்கரில் செய்பவர்கள் உண்டு. பாகு, வதக்கல், சோயா எல்லாவற்றையும் முன்சொன்னபடி முடித்துவிட்டு, வெந்நீரை 300 மில்லியாகக் குறைத்து ஊற்றி மூடுங்கள். அழுத்தம் ஏறியபின் சிம்மில் 15 நிமிடம் போதும். ஆவி தானாக அடங்கியதும் திறந்து, கிழங்கைச் சேர்த்து, மூடாமலே 20 நிமிடம் வேகவிட்டுச் சுண்டவையுங்கள். கிழங்கையும் குக்கருக்குள் அடைத்து விசில் விட்டால் கிடைப்பது மசியல்தான்.

ஊருக்கு ஊர் வேறுபாடுகள்

மேலே சொன்னது பொதுவான வீட்டுமுறை. ஷாங்காய்ப் பக்கம் கற்கண்டைக் கூட்டிப் போடுவார்கள். சாறு இனிப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். ஹூனான் மாகாணத்தில் காய்ந்த மிளகாயின் காரம் முன்னே நிற்கும். மாவோவின் குடும்பப் பெயரால் அங்கே வழங்கும் பன்றிக்கறியில் நிறத்துக்குச் சோயாவைத் தவிர்த்துச் சர்க்கரைப் பாகையே நம்புவார்கள். சிச்சுவானில், பிஷியன் என்னும் ஊரின் பெயர்பெற்ற மொச்சை மிளகாய் விழுதை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கிச் சேர்ப்பதுண்டு. காரம் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் மிளகாய்த்தூளைத் தேடுவதைவிட இந்த விழுதை வாங்குவதே சரியான வழி. அதில் உப்பு மிகுதி என்பதால் லைட் சோயாவைப் பாதியாக்க வேண்டும். வடகிழக்கு மாகாணங்களில் பச்சை பீன்ஸையும் அகலமான மாவுச் சேமியாவையும் இதே சட்டியில் சேர்த்துவிடுவார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள், ஹொக்கியன் சீன அண்டைவீடுகளின் தாவ் யூ பாக் என்ற சோயா பன்றிக்கறியை அறிந்திருப்பார்கள். பினாங்கில் அதிலும் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் போடுவது வழக்கம்.

பன்றிக்கறி உண்ணாதவர்கள் எலும்போடு கூடிய கோழித் தொடைத் துண்டுகளில் இதே முறையைப் பின்பற்றலாம். சீனாவிலும் அப்படிச் செய்வதுண்டு. கோழி 30 நிமிடத்தில் வெந்துவிடும் என்பதால், தண்ணீரைப் பாதியாக்கி, கொதி வந்து 10 நிமிடத்திலேயே கிழங்கைச் சேர்த்துவிட வேண்டும்.

பரிமாறலும் மீதியும்

உதிரியான பாசுமதியைவிடச் சற்று ஒட்டும் சோறே இதற்கு நல்ல துணை. பொன்னிப் பச்சரிசியைக் குழைய வடித்தால் பொருத்தமாக இருக்கும். கறி கொழுப்பு நிறைந்தது என்பதால் பக்கத்தில் எண்ணெய் குறைந்த ஏதாவது வேண்டும். வெள்ளரிக்காயைக் கத்தியின் தட்டையான பக்கத்தால் தட்டி நசுக்கி, நறுக்கிய பூண்டு, வினிகர், உப்பு, சில துளி நல்லெண்ணெய் சேர்த்துக் கலந்து வைப்பது சீன வீடுகளில் வழக்கம். பூண்டு போட்டு வதக்கிய கீரையும் ஏற்றதே. வெள்ளரியைக் கலக்கும் நல்லெண்ணெய் அங்கே வறுத்த எள்ளில் எடுத்தது. நம் செக்கு நல்லெண்ணெய் மணத்தில் மென்மையானது, இருந்தாலும் குறையில்லை.

மீதியைக் குளிரூட்டியில் 3 நாள் வரை வைக்கலாம். மறுநாள் கொழுப்பு வெண்மையாக மேலே உறைந்திருக்கும். வேண்டாதவர்கள் அதை அப்படியே கரண்டியால் எடுத்துவிடலாம். சாறு ஜெல்லியாக இறுகியிருப்பது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, தோலின் ஜெலட்டின் சேர்ந்ததன் அடையாளம். இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு, மூடி, மெல்லிய தீயில் கொதி வரும்வரை சூடாக்குங்கள். உறைநிலையில் சேமிக்க விரும்பினால், கிழங்கைச் சேர்ப்பதற்கு முன்பே கறியையும் சாற்றையும் மட்டும் எடுத்து உறையவைக்க வேண்டும், ஏனென்றால் உறைந்து இளகிய உருளைக்கிழங்கு நீர்விட்டுச் சக்கையாகிவிடும். சமைக்கும் நாளில் கறியை இளகவைத்துக் கொதிக்கவிட்டு, புதிதாக வெட்டிய கிழங்கைச் சேர்த்தால் அரை மணி நேரத்தில் சட்டி மேசைக்கு வந்துவிடும்.